1 டிபி டிஸ்க்கில் 931 ஜிபி: மீதி எங்கே இருக்கிறது?

பெட்டியில் 1 டிபி என்று அச்சிட்டிருக்கிறது. கம்ப்யூட்டரில் மாட்டினால் 931 ஜிபி என்று காட்டுகிறது. கடையில் கேட்டால் "ஃபார்மேட் பண்ணும்போது கொஞ்சம் போயிடும் சார்" என்பார்கள். வருஷக்கணக்காகச் சொல்லப்பட்டுவரும் இந்தப் பதில் தவறு. ஃபார்மேட்டுக்குக் கொஞ்சம் இடம் போவது உண்மைதான். ஆனால் அது வேறு கணக்கு, இந்த 69 ஜிபியில் அது சேரவே இல்லை. இந்த 69 ஜிபியில் ஒரு பைட் கூட எங்கும் போகவில்லை.

இதை நீங்களே சரிபார்க்கலாம். விண்டோஸில் 'திஸ் பிசி'யைத் திறந்து, அந்த டிரைவின் மேல் ரைட் கிளிக் செய்து 'ப்ராப்பர்ட்டீஸ்' போங்கள். 'கெப்பாசிட்டி' என்ற வரியில் ஒன்றல்ல, இரண்டு எண்கள் இருக்கும். வலப்பக்கம் 931 ஜிபி. அதற்கு இடப்பக்கம் பைட் கணக்கில் ஒரு நீண்ட எண். பெரும்பாலானவர்களின் கண் அதைத் தாண்டிப் போய்விடும். அதன் இலக்கங்களை எண்ணிப் பாருங்கள். பதின்மூன்று இலக்கங்கள் இருக்கும், முதல் இலக்கம் 1. அதாவது ஒரு லட்சம் கோடி பைட்டுக்குக் கொஞ்சம் மேலேயே இருக்கிறது. கம்பெனி விற்றதும் அதே ஒரு லட்சம் கோடி பைட்தான்.

லட்சம், கோடி என்று எண்ணிப் பழகிய நமக்கு இது எளிதில் பிடிபடும். டிஸ்க் கம்பெனியின் கணக்கில் ஆயிரம் பைட் ஒரு கேபி, பத்து லட்சம் பைட் ஒரு எம்பி, நூறு கோடி பைட் ஒரு ஜிபி, ஒரு லட்சம் கோடி பைட் ஒரு டிபி. விண்டோஸ் கணக்கில் ஒவ்வொரு படியும் 1000 அல்ல, 1024. அதனால் அதன் ஒரு ஜிபி என்பது 1024-ஐ மூன்று முறை பெருக்கிய 1,07,37,41,824 பைட், ஏறக்குறைய 107.37 கோடி. ஒரு லட்சம் கோடியை 107.37 கோடியால் வகுத்தால் வருவது 931. நடந்தது இவ்வளவுதான்.

பூக்காரம்மா தன் கையால் நாலு முழம் அளந்து கொடுத்த மல்லிகையை, வீட்டில் கை நீளமான ஒருவர் அளந்தால் மூன்றரை முழம்தான் வரும். சரம் சுருங்கவில்லை, அளந்த கை மாறியிருக்கிறது. டிஸ்க் விஷயத்தில் சங்கடம் என்னவென்றால், இரண்டு கைக்கும் 'ஜிபி' என்று ஒரே பெயரை வைத்துவிட்டார்கள்.

1024 எங்கிருந்து வந்தது

இந்த எண்ணின் பிறப்பிடம் ராம். ராமில் ஒவ்வொரு இடத்துக்கும் ஒரு முகவரி உண்டு. அந்த முகவரியைக் கொண்டுபோகும் கம்பி ஒவ்வொன்றிலும் 0 அல்லது 1 என இரண்டு நிலைகள்தான். ஒரு கம்பி கூடினால் எட்டக்கூடிய இடங்கள் இரட்டிக்கும். பத்து கம்பி இருந்தால் 2-ஐப் பத்து முறை பெருக்கிய 1024 இடங்கள். ஆயிரத்துக்கு இவ்வளவு பக்கத்தில் இருந்ததால் அதையே 'கிலோ' என்று அழைக்க ஆரம்பித்தார்கள். ராம் சிப்பை 1000 என்ற கணக்கில் செய்வது வீண், பத்தாவது கம்பியின் கடைசி 24 முகவரிகள் சும்மா கிடக்கும். அதனால்தான் இன்றும் 8 ஜிபி ராம் என்று வாங்கினால் 1024 கணக்கில் முழுதாக 8 ஜிபி இருக்கும். அதிலும் சில லேப்டாப்பில் 7.8 என்று காட்டினால், மீதியை உள்ளே இருக்கும் கிராஃபிக்ஸ் தனக்கென்று எடுத்துவைத்திருக்கிறது என்று பொருள்.

ஹார்ட் டிஸ்க்குக்கு இந்தக் கட்டாயம் எதுவும் இல்லை. தட்டின் பரப்பில் எத்தனை செக்டர் (டேட்டா எழுதும் சிறு துண்டு) எழுத முடிகிறதோ அத்தனை, அந்த எண்ணிக்கை இரண்டின் அடுக்காக இருக்க வேண்டிய அவசியமே இல்லை. 1956-ல் ஐபிஎம் வெளியிட்ட முதல் டிஸ்க் அமைப்பான ரமாக், 50 தட்டுகளில் 50 லட்சம் எழுத்துகள் கொள்ளும் என்றே சொல்லப்பட்டது. அது பதின்மக் கணக்கு. டிஸ்க் கம்பெனிகள் வாடிக்கையாளரை ஏமாற்றப் பின்னாளில் 1000 கணக்குக்குத் தாவினார்கள் என்று சொல்வோர் உண்டு. டிஸ்க் பிறந்தபோதே எண்ணிக்கை பத்தின் அடுக்கில்தான் இருந்தது.

நடுவில் குழப்பத்தின் உச்சமாக வந்தது 1.44 எம்பி ஃபிளாப்பி. ஒரு பக்கத்துக்கு 80 டிராக் (வட்டப் பாதை), ஒரு டிராக்குக்கு 18 செக்டர், இரண்டு பக்கம், ஒரு செக்டருக்கு 512 பைட். பெருக்கினால் 14,74,560 பைட். ஆயிரம் கணக்கில் 1.47 எம்பி, 1024 கணக்கில் 1.41 எம்பி. இரண்டிலும் 1.44 வராது. முதலில் 1024-ஆல் வகுத்து 1440 கேபி என்று ஆக்கி, பிறகு அதை 1000-ஆல் வகுத்ததில் பிறந்த எண் அது. டிவிடியில் எழுதியிருக்கும் 4.7 ஜிபி பதின்மக் கணக்கு, விண்டோஸில் 4.37 என்று காட்டும். சிடியில் எழுதியிருக்கும் 700 எம்பி 1024 கணக்கு. ஒரே அலமாரியில் பக்கத்துப் பக்கத்தில் இருந்த இரண்டு வட்டுகளுக்கு இரண்டு அளவுகோல்!

ஃபிளாப்பி காலத்தில் இந்த வித்தியாசத்தை யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளாததற்குக் காரணம் உண்டு. கேபி அளவில் இடைவெளி 2.3 சதவீதம்தான். எம்பியில் 4.6, ஜிபியில் 6.9, டிபியில் 9.1 சதவீதம். ஒவ்வொரு படி ஏறும்போதும் 1024 இன்னொரு முறை பெருக்கப்படுவதால் இடைவெளி அகன்றுகொண்டே போகிறது. டிஸ்க் பெரிதாகப் பெரிதாக, காணாமல் போனதாகத் தோன்றும் இடமும் பெரிதாகிறது.

இதைத் தீர்க்க 1998 டிசம்பரில் பன்னாட்டு மின்தொழில்நுட்ப ஆணையமான ஐஇசி, 1024 கணக்குக்கென்றே தனிப் பெயர்கள் வகுத்தது. ஜி, பி என்ற இரண்டு எழுத்துகளுக்கு நடுவில் ஒரு சின்ன ஐ சேரும்: ஜிஐபி, டிஐபி. (முழுப்பெயரைத் தமிழில் எழுதினால் கேபிக்கான பெயரும் ஜிபிக்கான பெயரும் 'கிபி' என்று ஒரே மாதிரி வந்துவிடும். அதனால் இங்கே எழுத்துச் சுருக்கத்தையே வைத்துக்கொள்கிறேன்.) விண்டோஸ் ஜிஐபியில் எண்ணிவிட்டு, ஜிபி என்று எழுதுகிறது. முழுக் குழப்பமும் அந்த விடுபட்ட ஓர் எழுத்தில்தான் இருக்கிறது. ஆப்பிள் 2009-ல் ஸ்னோ லெப்பர்டு பதிப்பிலிருந்து மேக்கில் ஆயிரம் கணக்குக்கு மாறிவிட்டது. அதே எக்ஸ்டர்னல் டிஸ்க்கை மேக்கில் மாட்டினால் 1 டிபி, விண்டோஸில் மாட்டினால் 931 ஜிபி. டிஸ்க்கைக் குறை சொல்லும் முன் இந்த ஒரு சோதனையைச் செய்துபாருங்கள்.

அமெரிக்காவில் இது நீதிமன்றம் வரை போனது. வெஸ்டர்ன் டிஜிட்டல் 2006-லும் சீகேட் 2007-லும் சமரசம் செய்துகொண்டு, வாங்கியவர்களுக்கு பேக்கப் மென்பொருள் போன்றவற்றைக் கொடுத்தன. 2020-ல் சான்டிஸ்க் மீதான அதே மாதிரி வழக்கைக் கலிஃபோர்னியா நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. 1 ஜிபி என்றால் நூறு கோடி பைட் என்று பெட்டியிலேயே அச்சிட்டிருந்ததுதான் காரணம். இன்று எந்தப் பெட்டியைத் திருப்பினாலும் அடியில் பொடி எழுத்தில் அந்த வரி இருக்கும். வாங்குமுன் படிக்க முடியாத அளவுக்கு அதைப் பொடியாக அச்சிடுவதை மட்டும் ஏற்க முடியவில்லை. பெரிய எழுத்தில் போட்டால் பாதிப் புகார்கள் வராது.

மனக்கணக்கு

ஜிபியில் விற்கும் டிஸ்க்கை 0.931-ஆல் பெருக்குங்கள், டிபியில் விற்பதை 0.909-ஆல் பெருக்குங்கள். 500 ஜிபிக்கு 465, 256 ஜிபிக்கு 238, 512 ஜிபிக்கு 476, 2 டிபிக்கு 1.81 டிபி, 4 டிபிக்கு 3.63 டிபி, 8 டிபிக்கு 7.27 டிபி. விண்டோஸ் காட்டும் எண் இதை ஒட்டியிருந்தால் டிஸ்க்கில் குறை எதுவும் இல்லை.

நல்ல கம்பெனி டிஸ்க்குகளில் செக்டர் எண்ணிக்கை கூட நிலையானது. டிஸ்க் தயாரிப்பாளர்களின் அமைப்பான ஐடெமா ஒரு சூத்திரம் வைத்திருக்கிறது: ஜிபி எண்ணிலிருந்து 50-ஐக் கழித்து, 19,53,504-ஆல் பெருக்கி, 9,76,96,368-ஐக் கூட்ட வேண்டும். 1000 ஜிபிக்கு 195,35,25,168 செக்டர் வரும். ஒவ்வொன்றும் 512 பைட், ஆக 1,00,020 கோடி பைட் சொச்சம். எந்தக் கம்பெனி 1 டிபி டிஸ்க் எடுத்தாலும் பெரும்பாலும் இதே எண்தான். பல டிஸ்க்குகளை ஒன்றாகச் சேர்த்து இயக்கும் ரெய்டில் ஒரு டிஸ்க் போய், வேறு கம்பெனி டிஸ்க்கை மாட்டும்போது இதன் அருமை தெரியும். புது டிஸ்க் சிறிதளவு குறைந்தாலும் ரெய்டு கன்ட்ரோலர் அதை ஏற்க மறுக்கலாம்.

பழைய ஹார்ட் டிஸ்க்கிலிருந்து எஸ்எஸ்டிக்கு குளோன் (அப்படியே முழு நகல்) செய்பவர்கள் கவனிக்க வேண்டிய இடமும் இதுவே. எஸ்எஸ்டியில் 1 டிபி என்றும் 960 ஜிபி என்றும் இரண்டு அளவு வருகிறது. விலை கொஞ்சம் குறைவு என்று 960 வாங்கினால், விண்டோஸில் 894 ஜிபி. 931 ஜிபி பார்ட்டிஷன் (டிஸ்க்கில் பிரித்து வைத்த பகுதி) அதில் நேரடியாக இறங்காது. முதலில் பழைய டிஸ்க்கில் டிஸ்க் மேனேஜ்மென்ட் திறந்து 'ஷ்ரிங்க் வால்யூம்' கொடுத்து, பார்ட்டிஷனை 880 ஜிபி அளவுக்குச் சுருக்கிவிட்டு, பிறகு குளோன் செய்யுங்கள். டேட்டா 300 ஜிபிதான் இருக்கிறதே என்று நினைப்போம். செக்டருக்கு செக்டர் நகலெடுக்கும் மென்பொருள் டேட்டாவைப் பார்ப்பதில்லை, பார்ட்டிஷன் எங்கே முடிகிறது என்றுதான் பார்க்கும்.

சிசிடிவிக்கு டிஸ்க் வாங்கும்போது எதிர்த்திசையில் தவறு நடக்கிறது. ஒரு கேமரா 2 எம்பிபிஎஸ் வேகத்தில் பதிவு செய்தால், நொடிக்கு 20 லட்சம் பிட், அதாவது 2.5 லட்சம் பைட். ஒரு நாளுக்கு 86,400 நொடி, ஆக 21.6 ஜிபி. நாலு கேமராவுக்கு 86.4 ஜிபி. நெட்வொர்க் வேகம் எப்போதும் ஆயிரம் கணக்கு என்பதால் டிஸ்க்கையும் ஆயிரம் கணக்கிலேயே எடுக்க வேண்டும்: 1000-ஐ 86.4-ஆல் வகுத்தால் பதினொன்றரை நாள். 931-ஐ வகுத்தால் முக்கால் நாள் குறைத்துச் சொல்கிறோம். இரண்டு பக்கமும் ஒரே அளவுகோலாக இருந்தால் போதும், எது என்பது முக்கியமல்ல.

நிஜமாகவே போகும் இடம்

இதுவரை சொன்னதில் எதுவும் தொலையவில்லை. இனி சொல்லப்போவது உண்மையில் நம் கைக்கு வராத இடம். லேப்டாப்பில் 512 ஜிபி என்று போட்டு, சி டிரைவில் 450 மட்டும் தெரிந்தால், 476 வரை கணக்கு முறையால், மீதி 26 பார்ட்டிஷனால்.

ஸ்டார்ட் பட்டனில் ரைட் கிளிக் செய்து 'டிஸ்க் மேனேஜ்மென்ட்' திறங்கள். கீழ்ப்பாதியில் டிஸ்க் ஒரு நீளப் பட்டையாகத் தெரியும். இடது ஓரத்தில் இஎஃப்ஐ என்று 100 அல்லது 260 எம்பி. அதற்கு அடுத்து 16 எம்பியில் மைக்ரோசாஃப்ட் ரிசர்வ்டு என்று ஒன்று உண்டு, அது இந்தப் பட்டையில் தெரியாது. பிறகு சி. வலது ஓரத்தில் விண்டோஸ் ரெகவரி, அரை ஜிபியிலிருந்து ஒரு ஜிபி வரை. அதற்கும் பக்கத்தில் லேப்டாப் கம்பெனி தன் ஃபேக்டரி ரீசெட்டுக்கு வைத்த 10 முதல் 20 ஜிபி இருக்கலாம். இஎஃப்ஐயில் கை வைத்தால் கம்ப்யூட்டர் பூட் ஆகாது. கம்பெனி ரெகவரியை மட்டும், பென் டிரைவில் ரெகவரி மீடியா செய்து வைத்துக்கொண்ட பிறகு நீக்கலாம். அப்படி நீக்கியும் 'எக்ஸ்டெண்ட் வால்யூம்' மங்கலாகவே இருந்தால் காரணம் இதுதான்: காலி இடம் சி-க்கு உடனடியாக வலப்பக்கத்தில் ஒட்டியிருந்தால்தான் விண்டோஸ் சேர்த்துக்கொள்ளும். நடுவில் அரை ஜிபி ரெகவரி உட்கார்ந்திருந்தாலும் நடக்காது.

சி-க்கு உள்ளேயே விண்டோஸ் எடுத்துக்கொள்வதும் கணிசம். ஹைபர்னேட் செய்யும்போது ராமில் இருப்பதை எழுதிவைக்கும் ஹைபர்னேஷன் ஃபைல் இயல்பாக ராமில் 40 சதவீதம், 16 ஜிபி ராம் என்றால் 6.4 ஜிபி. அப்டேட்டுக்கென்று ஒதுக்கும் ரிசர்வ்டு ஸ்டோரேஜ் 7 ஜிபி அளவில். ராம் போதாதபோது பயன்படும் பேஜ் ஃபைல் தனி. சிஸ்டம் ரிஸ்டோர் எவ்வளவு எடுத்திருக்கிறது என்பதை 'சிஸ்டம் புரொடெக்ஷன்' போய் 'கான்ஃபிகர்' கொடுத்தால் பார்க்கலாம், அங்கேயே உச்சவரம்பைக் குறைக்கவும் முடியும். எல்லா ஃபோல்டரையும் தேர்வு செய்து அளவு பார்த்தால் 80 ஜிபி, டிரைவ் 110 ஜிபி நிரம்பியிருக்கிறது என்ற புகாரில் பெரும்பாலும் குற்றவாளி இந்த மறைந்த ஃபைல்கள்தான். பெரிய அப்டேட்டுக்குப் பிறகு பழைய விண்டோஸ் ஃபோல்டர் பத்து நாள் அப்படியே இருக்கும். செட்டிங்ஸ், சிஸ்டம், ஸ்டோரேஜ், டெம்பரரி ஃபைல்ஸ் வழியாகப் போய் நீக்கலாம். நீக்கிவிட்டால் பழைய பதிப்புக்குத் திரும்ப முடியாது, அதைத் தெரிந்துகொண்டு செய்யுங்கள்.

லினக்ஸில் கதை வேறு. 1 டிபி டிஸ்க்கை லினக்ஸின் வழக்கமான ஃபைல் சிஸ்டமான இஎக்ஸ்டி4-ல் ஃபார்மேட் செய்தால் மொத்தம் 916 என்றும் கிடைக்கும் இடம் 870 என்றும் காட்டும். 931-க்கும் 916-க்கும் நடுவில் உள்ளது ஒவ்வொரு ஃபைலின் விவரங்களையும் வைக்கும் ஐநோடு பட்டியல். ஒவ்வொரு 16 கேபிக்கும் 256 பைட் என்று முன்கூட்டியே ஒதுக்கிவிடுவதால் ஒன்றரை சதவீதம் அதற்கே போகிறது. 916-க்கும் 870-க்கும் நடுவில் உள்ளது ரூட்டுக்காக (சிஸ்டத்தின் நிர்வாகிக் கணக்கு) ஒதுக்கிய 5 சதவீதம். டிஸ்க் நிரம்பினாலும் சிஸ்டம் லாக் எழுத வழி இருக்க வேண்டும் என்பதற்காக வைத்தது. ஆபரேட்டிங் சிஸ்டம் இருக்கும் பார்ட்டிஷனில் அதை விட்டுவிடுங்கள். வெறும் படமும் வீடியோவும் சேர்க்கும் டிஸ்க்குக்கு 46 ஜிபியைப் பூட்டி வைக்கத் தேவையில்லை. டியூன்2எஃப்எஸ் கருவியில் சின்ன எம் விருப்பத்துக்கு 1 என்று கொடுத்தால் ஒரு சதவீதமாகிவிடும். டேட்டாவை அழிக்க வேண்டியதில்லை, உடனே 37 ஜிபி போல் திரும்பக் கிடைக்கும்.

எஸ்எஸ்டியின் ஒதுக்கீடு கண்ணுக்கே தெரியாது. உள்ளே 256 ஜிஐபிக்கு ஃபிளாஷ் சிப் இருந்தால் அது 27,488 கோடி பைட். வெளியே 256 ஜிபி என்று காட்டுவது 25,606 கோடி. நடுவில் உள்ள 7 சதவீதத்தை எஸ்எஸ்டியை இயக்கும் சிப்பான கன்ட்ரோலர் தன்னிடம் வைத்துக்கொள்கிறது. ஃபிளாஷில் ஏற்கெனவே எழுதிய இடத்தின் மேல் நேரடியாக எழுத முடியாது. பக்கம் பக்கமாக எழுதலாம், ஆனால் அழிப்பது பல பக்கங்கள் சேர்ந்த பிளாக்காக மட்டுமே முடியும். நல்ல பக்கங்களை வேறு இடத்துக்கு மாற்றிவிட்டுத்தான் பிளாக்கை அழிக்க முடியும், அந்த வேறு இடம்தான் இது. தேய்ந்த பிளாக்குக்கு மாற்றும் இதிலிருந்தே வருகிறது. 240, 480, 960 என்று வரும் எஸ்எஸ்டிகளில் இந்த ஒதுக்கீடு பொதுவாக இன்னும் அதிகம். இதை நஷ்டம் என்று நினைக்க வேண்டாம், டிரைவின் ஆயுள் இதில்தான் இருக்கிறது.

பென் டிரைவும் அப்படியே. 32 ஜிபிக்குக் கணக்குப்படி 29.8 வர வேண்டும். 28.6, 28.9 என்று வந்தால் மட்டும் போலி என்று முடிவு கட்டாதீர்கள்.

ஒரு ஃபைல் எடுக்கும் உண்மையான இடம்

ஏதாவது ஒரு ஃபைலின் ப்ராப்பர்ட்டீஸ் பாருங்கள். 'சைஸ்' என்று ஒன்று, அதன் கீழே 'சைஸ் ஆன் டிஸ்க்' என்று ஒன்று. டிஸ்க்கில் இடம் கிளஸ்டர் கிளஸ்டராகத்தான் ஒதுக்கப்படும், ஒரு கிளஸ்டரை இரண்டு ஃபைல்கள் பகிர முடியாது. விண்டோஸ் டிஸ்க்குகளின் வழக்கமான ஃபார்மேட்டான என்டிஎஃப்எஸ்ஸில் கிளஸ்டர் இயல்பாக 4 கேபி. பென் டிரைவ், மெமரி கார்டுகளில் வரும் எக்ஸ்ஃபேட் ஃபார்மேட்டில், 32 ஜிபிக்கு மேற்பட்ட டிரைவுக்கு, விண்டோஸ் இயல்பாக வைப்பது 128 கேபி. இரண்டு கேபி அளவுள்ள 10,000 ஃபைல்களை எடுத்துக்கொள்ளுங்கள். உண்மையான டேட்டா 20 எம்பி. என்டிஎஃப்எஸ்ஸில் 40 எம்பி ஆகும். எக்ஸ்ஃபேட்டில் 1.2 ஜிபியைத் தாண்டும்! வெப்சைட் பேக்கப், புரோகிராம் சோர்ஸ், பழைய மெயில் ஃபோல்டர் போன்றவற்றை மெமரி கார்டுக்கோ எக்ஸ்டர்னல் டிஸ்க்குக்கோ நகலெடுக்கும்போது இடமிருந்தும் பாதியில் நின்றுவிடுவதற்குக் காரணம் இதுதான். முதலில் ஜிப் செய்து ஒரே ஃபைலாக்கி நகலெடுங்கள். அல்லது ஃபார்மேட் செய்யும்போது 'அலொகேஷன் யூனிட் சைஸ்' என்ற இடத்தில் சின்ன அளவைத் தேர்வு செய்யுங்கள். சினிமா, வீடியோ மட்டும் போடும் டிரைவுக்கு 128 கேபியே நல்லது.

20 ஜிபி காலியாக இருக்கும் பென் டிரைவில் 5 ஜிபி வீடியோ ஏறாவிட்டால், அது இடப் பிரச்சினை அல்ல. பழைய ஃபார்மேட்டான ஃபேட்32-ல் ஒரு ஃபைலின் உச்சவரம்பு 4 ஜிபிக்கு ஒரு பைட் குறைவு. எக்ஸ்ஃபேட்டுக்கு மாற்றினால் சரியாகிவிடும். மாற்றும்போது உள்ளே இருப்பது அழியும்.

காலியாகத் தெரியும் பென் டிரைவ் நிரம்பியிருப்பதாகக் காட்டினால் இரண்டு காரணங்களைப் பாருங்கள். மேக்கில் அழித்த ஃபைல்கள் பென் டிரைவிலேயே ஒரு மறைந்த குப்பை ஃபோல்டரில் கிடக்கும், மேக்கில் குப்பையைக் காலி செய்யும் வரை இடம் திரும்பாது. பிரிண்ட் எடுக்கும் கடைகளில் போட்டு எடுத்த பென் டிரைவ் என்றால், ஷார்ட்கட் வைரஸ் நம் ஃபோல்டர்களை மறைத்துவிட்டிருக்கும். 'வியூ'வில் மறைந்த ஃபைல்களைக் காட்டச் சொல்லி, 'ஹைட் புரொடெக்டட் ஆபரேட்டிங் சிஸ்டம் ஃபைல்ஸ்' என்பதிலும் டிக்கை எடுத்தால் ஃபோல்டர்கள் தென்படும். ஷார்ட்கட்டை மட்டும் கிளிக் செய்துவிடாதீர்கள்.

பாதிக்கு மேல் காணவில்லை என்றால்

3 டிபி டிஸ்க்கில் 2048 ஜிபி ஒரு பக்கம், 746 ஜிபி 'அன்அலொகேட்டட்' என்று இன்னொரு பக்கம் கறுப்புப் பட்டையுடன் தெரிந்தால், டிஸ்க் எம்பிஆர் என்ற, பார்ட்டிஷன் விவரங்களை எழுதிவைக்கும் பழைய முறையில் இருக்கிறது. எம்பிஆரில் செக்டர் எண்ணை எழுத 32 பிட்தான் இடம், ஆக 429 கோடி செக்டருக்கு மேல் அதனால் சொல்லவே முடியாது. 512 பைட்டால் பெருக்கினால் மிகச் சரியாக 2048 ஜிஐபி. புதிய முறையான ஜிபிடிக்கு மாற்றினால் முழு 2794-ம் வரும். டிஸ்க் மேனேஜ்மென்ட் வழியாக மாற்ற எல்லாப் பார்ட்டிஷனையும் அழிக்க வேண்டும், டேட்டாவை முதலில் வேறிடத்தில் எடுத்துவையுங்கள். வெறும் 746 ஜிபி மட்டுமே தெரிந்தால், பழைய ஸ்டோரேஜ் டிரைவரோ பழைய யுஎஸ்பி பெட்டியோ 2048-ஐத் தாண்டியதும் மறுபடி பூஜ்யத்திலிருந்து எண்ணுகிறது. அங்கே எவ்வளவு ஃபார்மேட் செய்தும் பயனில்லை, டிரைவரையோ பெட்டியையோ மாற்ற வேண்டும். அந்த நிலையில் எழுதினால் டிஸ்க்கில் இருக்கும் பழைய டேட்டாவின் மேலேயே எழுதிவிடக்கூடும்.

லினக்ஸ் ஐஎஸ்ஓ (இன்ஸ்டால் செய்வதற்கான வட்டு நகல்) எழுதிய 32 ஜிபி பென் டிரைவ் சில எம்பியாகச் சுருங்கிப்போனதாகக் காட்டுவதும் பயப்படும் விஷயமல்ல. கமாண்ட் பிராம்ப்ட்டில் டிஸ்க்பார்ட் திறந்து, 'லிஸ்ட் டிஸ்க்' கொடுத்து, அளவை வைத்துப் பென் டிரைவின் எண்ணைக் கண்டுபிடித்து, 'செலக்ட் டிஸ்க்' என்பதோடு அந்த எண்ணைக் கொடுத்து, பிறகு 'கிளீன்'. 'கிளீன்' கொடுக்கும் முன் எண்ணை இன்னொரு முறை பாருங்கள். உறுதி கேட்காமல் உடனே அழித்துவிடும், தவறான எண் கொடுத்தால் உங்கள் ஹார்ட் டிஸ்க் போய்விடும். அதன்பின் டிஸ்க் மேனேஜ்மென்ட்டில் புது வால்யூம் உருவாக்கிக்கொள்ளலாம்.

கடைசியாக, குறைவாகக் காட்டுவதைவிட ஆபத்தானது அதிகமாகக் காட்டும் டிரைவ். ஆன்லைனில் சில நூறு ரூபாய்க்கு 2 டிபி பென் டிரைவ் என்று விற்கிறார்கள். உள்ளே இருப்பது 32 அல்லது 64 ஜிபி சிப், கன்ட்ரோலரின் ஃபர்ம்வேரை (உள்ளே பதிந்த மென்பொருள்) மட்டும் மாற்றி 2 டிபி என்று பொய் சொல்ல வைத்திருப்பார்கள். ப்ராப்பர்ட்டீஸில் முழு 1.81 டிபி தெரியும். ஃபைல்களும் ஏறும், பெயர்களும் வரிசையாகத் தெரியும், ஏனென்றால் ஃபைல் பட்டியல் டிரைவின் தொடக்கத்தில், உண்மையான சிப்பில் இருக்கிறது. உண்மை அளவைத் தாண்டியதும் எழுதுவது எல்லாம் காற்றில் போகும், அல்லது பழையதன் மேலேயே விழும். பல மாதம் கழித்துக் கல்யாண வீடியோவைத் திறக்கும்போதுதான் தெரியவரும்.

இதைக் கண்டுபிடிக்க ஒரே நம்பகமான வழி, டிரைவை முழுக்க நிரப்பித் திரும்பப் படித்துப் பார்ப்பது. விண்டோஸில் எச்2டெஸ்ட்டபிள்யூ, லினக்ஸிலும் மேக்கிலும் எஃப்3 என்ற இலவச மென்பொருள்கள் இதைச் செய்யும். நொடிக்கு 20 எம்பி வேகத்தில் எழுதும் 64 ஜிபி டிரைவுக்கு எழுதவே ஏறக்குறைய 53 நிமிஷம், படிக்கும் நேரம் தனி. நேரமாகிறது என்று பாதியில் நிறுத்தினால் சோதனைக்குப் பொருளில்லை, பொய் இருப்பது கடைசிப் பகுதியில்தான். வாங்கிய அன்றே, ஒரு படம் கூட ஏற்றுவதற்கு முன் ஓட விடுங்கள். பிழை வந்தால் ஃபார்மேட் செய்து பயன்படுத்திக்கொள்ளலாம் என்று எண்ணாமல், ரிட்டர்ன் தேதி முடிவதற்குள் சோதனை முடிவின் ஸ்கிரீன்ஷாட்டோடு திருப்பி அனுப்பிவிடுங்கள்.